நீ தொடாத கற்கள்

மகனுக்கு,

கடிதத்தின் தலையில் வழக்கமாக வைக்கும் ‘அன்புள்ள’ என்ற சொல்லை நிறுத்தி வைத்திருக்கிறேன். தள்ளுபடி செய்யவில்லை, நிறுத்தி வைத்திருக்கிறேன். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு, வக்கீல் வீட்டில் வளர்ந்த உனக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. உன் புத்தகத்தின் பிழைதிருத்தப் படியை எனக்கு அனுப்பி இரண்டு காரியங்களைக் கேட்டிருந்தாய். அதில் சட்டச் சிக்கல் வரக்கூடிய இடம் ஏதும் உண்டா என்று பார்க்க வேண்டும் என்பது ஒன்று. அடுத்த மாதம் புதூர்நாட்டில் நடக்கும் வெளியீட்டு விழாவில் ஐந்தாம் அத்தியாயத்திலிருந்து ஒரு பக்கம் வாசித்து, நாலு வார்த்தை வாழ்த்திப் பேச வேண்டும் என்பது மற்றொன்று. முதல் கேள்விக்குப் பதில்: உண்டு, ஆனால் அது கோர்ட்டில் தீரக்கூடிய சிக்கல் அன்று. இரண்டாவதற்கான பதில் இந்தக் கடிதத்தின் முடிவில் இருக்கிறது. அதை மட்டும் புரட்டிப் பார்த்துவிட்டு மேலே வராதே. உறையை ஒட்டாமல்தான் அனுப்புகிறேன். உன் அம்மா படிப்பாள், மருமகள் தமயந்தியும் படிப்பாள். வேறு யார் படித்தாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை.

நமக்குள் தகராறு இல்லாத சங்கதிகளை முதலில் எழுதிவிடுகிறேன். ஜவ்வாது மலையில், புதூர்நாட்டைச் சேர்ந்த ஒரு குக்கிராமத்தில், புங்கமரத்தடியில் சில கற்கள் இருக்கின்றன. ஏர் உழும்போதும், மழை மண்ணை அரிக்கும்போதும் வெளியே வந்தவை. ஒரு முனை உருண்டும் மறுமுனை தட்டையாகக் கூர்ந்தும், என்றோ யாரோ ஒருவரின் கை தேய்த்து இழைத்தவை. உங்கள் துறையில் அவற்றைப் புதிய கற்காலக் கருவிகள் என்கிறீர்கள். அந்த ஊரில் ‘புள்ளைங்க’ என்கிறார்கள். மண் பெற்ற பிள்ளைகள். ஆண்டுதோறும் சாமை அறுப்பு முடிந்த பிறகு ஊர்ப் பெண்கள் அவற்றை மடியில் ஏந்தி, பாறைக்கு அந்தப்புறம் உள்ள ஊற்றுக்குக் கொண்டுபோய்க் குளிப்பாட்டி, மஞ்சள் பூசி, மீண்டும் மரத்தடியில் அமர்த்துகிறார்கள். ஆண்கள் அவற்றைத் தொடக் கூடாது. அந்த ஒரு நாள் மட்டுமன்று, என்றைக்குமே. உழும்போது ஒரு கல் தட்டுப்பட்டால், உழுகிறவன் மாட்டை நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போய் மனைவியை அழைத்து வரவேண்டும். இந்த வழக்கத்தை உன் புத்தகத்தின் இரண்டாம் அத்தியாயத்தில் நீயே அழகாக எழுதியிருக்கிறாய். ஐந்தாம் அத்தியாயத்தை எழுதும்போது உனக்கு அது எப்படி மறந்தது என்பதுதான் என் முதல் வியப்பு.

உங்களுக்குத் திருமணமான புதிதில் நாம் மூவரும் அந்தக் குளிப்பாட்டு நாளில் மலைக்குப் போனோம். போனதற்குத் தமயந்திதான் காரணம். நீயும் அவளும் ஒரே வகுப்பில் தொல்லியல் படித்தவர்கள். அவள் உன்னைவிட அதிக மதிப்பெண் எடுத்தவள். கல்லூரி வேலை உனக்குக் கிடைத்தது, அவள் பள்ளிக்கூடத்தில் வரலாற்று ஆசிரியை ஆனாள். கல்யாணப் பேச்சின்போது, லீவு நாளில் மலைக்குப் போவேன், அதைத் தடுக்கக் கூடாது என்று அவள் கேட்டதும், நீ சம்மதித்ததும் என் முன்னிலையில் நடந்தது. அந்த ஒப்பந்தத்துக்கு நான் சாட்சி.

அன்று நீ கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஊற்றுப் பக்கம் இரண்டடி எடுத்து வைத்தாய். குளிப்பாட்டை முன்னின்று நடத்தும் குப்பம்மா உன்னை மறித்தார்.

“எங்க வர்ற தம்பி?”

“ஆராய்ச்சிங்கம்மா. தூரமா நின்னு பாத்துக்கிறேன்.”

“ஒம் பொண்டாட்டிக்குப் பிரசவம்னாலும் தூரமா நின்னு போட்டோ புடிப்பியா? போ, போய் ஆம்பளைங்களோட குந்து. உங்கப்பா எவ்ளோ ஒழுங்கா குந்தினுகீறாரு பாரு.”

பாறைக்கு இந்தப்புறம் உட்கார்ந்திருந்த ஆண்கள் எல்லாரும் சிரித்தார்கள். பிறகு குப்பம்மா தமயந்தியின் பக்கம் திரும்பினார். “நீ வாம்மா. ஆனா ஒண்ணு கேட்டுக்க. புள்ளைய எடுத்தா எறக்குற வரிக்கும் பொம்பள கையிலதான் இருக்கணும். ஆம்பள கைக்குப் போச்சுன்னு தெரிஞ்சுது, அப்பறம் நீ இந்த ஊரு மண்ண மிதிக்கக் கூடாது. உன்ன நம்பி வுட்டேன்னு நானும் கல்லத் தொடக் கூடாது. இன்னா சொல்ற?” தமயந்தி குனிந்து, ஊற்றிலிருந்து பாறைக்கு இந்தப்புறம் வழிந்து வந்த நீரில் கையை நனைத்து, “சத்தியமா குடுக்க மாட்டேம்மா” என்றாள். இதை நான் என் காதால் கேட்டேன். நீயும் கேட்டாய். அதற்குள் நீ வந்து உட்கார்ந்துவிட்டாய், உனக்கும் எனக்கும் இடையே ஒரு சாண் இடைவெளிகூட இல்லை.

அதன்பின் பாறைக்கு மேலே புகை எழுந்தது. “பொங்கல் வெக்கிறாங்க போல” என்று நீ சொன்னாய். நானும் அப்படித்தான் நினைத்தேன். இந்தப் புகையை நினைவில் வைத்துக்கொள். திரும்ப வருவேன்.

மலையிறங்கும்போது ஜீப்பில் தமயந்தி தன் மஞ்சள் படிந்த கைகளை மடியில் விரித்துப் பார்த்தபடியே வந்தாள். பிறகு உன்னிடம் சொன்னாள்: “இதெல்லாம் கோடாலின்னு எழுதி வெச்சிருக்காங்க. கோடாலி இல்லீங்க. கூரான வாய் ஒரு பக்கந்தான் தேஞ்சிருக்கு. எதை எடுத்தாலும் அப்படித்தான் இருக்கு. மினுமினுப்பும் அந்தப் பக்கத்துலயே ஏறியிருக்கு. மரத்த வெட்டுன கல்லுன்னா ரெண்டு பக்கமும் தேயணும். இது மண்ணக் கொத்திக் கொத்தித் தேஞ்சது. களைக்கொத்துங்க இது.” அதற்கு நீ சொன்ன பதிலையும் பதிவு செய்கிறேன். “கல்லக் குளிப்பாட்டப் போனவ கண்டுபிடிப்போட வந்துட்டா. டிரைவரண்ணே, மெதுவா போங்க, அறிவு கொட்டிடப் போவுது.” டிரைவர் சிரித்தார். தமயந்தி, “சிரிங்க, சிரிங்க. அடுத்த வருசமும் வருவேன்” என்றாள். வந்தாள். அதற்கடுத்த ஆண்டும் வந்தாள். குழந்தை வயிற்றில் இருந்த ஆண்டில் குப்பம்மாவே ஜீப் அனுப்பி அழைத்துக்கொண்டார். ஒவ்வொரு கல்லின் வாயையும் விரலால் தடவித் தடவி, எந்தக் கல் எந்தக் கோணத்தில் மண்ணுக்குள் இறங்கியிருக்கும் என்பது வரை அவள் முடிவுக்கு வந்தாள். அது சிறிய முடிவன்று. அந்த மலையின் ஆதி மனிதனை இதுவரை கோடரி ஏந்தி மரம் சாய்க்கிறவனாக எழுதி வந்தார்கள். அவள் முடிவு சரியென்றால், அந்த இடத்தில் குனிந்து மண்ணைக் கொத்தும் ஒருத்தி வந்து நிற்கிறாள். உன் புத்தகத்தின் மொத்தப் பெருமையும் இந்த ஒரு முடிவின் மேல்தான் கட்டப்பட்டிருக்கிறது.

இனி ஐந்தாம் அத்தியாயத்தின் தொடக்கம். உன் சொற்களிலேயே தருகிறேன், ஒரு எழுத்தும் மாற்றவில்லை. “அந்தக் கற்களை ஒவ்வொன்றாக நான் கையில் எடுத்தேன். பல்லாயிரம் ஆண்டுகளின் குளிர்ச்சி என் உள்ளங்கையில் ஏறியது. அப்போதுதான் ஊற்றில் குளித்து எழுந்திருந்த அந்தக் கல்லின் வாய்ப்பகுதியில் விரலை ஓட்டியபோது எனக்கு அது புலப்பட்டது: இவை கோடரிகள் அல்ல.”

இதைப் படித்து முடித்ததும் நான் கண்ணாடியைக் கழற்றி வைத்தேன். என் தொழிலில் ஒரு வாக்குமூலம் கையில் கிடைத்தால், அது உண்மையானால் என்ன, பொய்யானால் என்ன என்று இரண்டு வழியிலும் போய்ப் பார்ப்போம். உன் வரி உண்மையானால், நீ அந்தக் கற்களைத் தொட்டிருக்கிறாய். ஆண்கள் தொடாத கல்லை, குளித்த ஈரம் காயாமல் உன் கையில் கொண்டுவந்து கொடுத்திருக்கக் கூடியவள் ஒருத்திதான். ஊற்றில் கை நனைத்துச் சத்தியம் செய்தவள். உன் வரி பொய்யானால், நீ உன் மனைவியின் கையையும் விரலையும் கண்ணையும் அறிவையும் பிடுங்கி உன் உடம்பில் ஒட்டவைத்துக்கொண்டிருக்கிறாய். முதல் வழியில் அவள் துரோகி. இரண்டாம் வழியில் நீ திருடன். உன் புத்தகத்தைப் படிக்கும் பட்டணத்துக்காரர்களுக்கு இந்த இரண்டு வழியும் தெரியாது, அவர்கள் உன் நடையை ரசிப்பார்கள். ஆனால் விழாவை நீ அந்த மலையிலேயே வைத்திருக்கிறாய். குப்பம்மாவை மேடையேற்றிப் பொன்னாடை போர்த்தப் போகிறாய். அவர் முன்னால், அந்தப் பெண்கள் முன்னால், அந்தப் பக்கத்தை என் வாயாலேயே வாசிக்கச் சொல்லியிருக்கிறாய். நீ திருடன் என்ற முடிவுக்கு அவர்கள் வர மாட்டார்கள். படித்தவன் அச்சடித்த புத்தகத்தில் பொய் எழுதுவான் என்று அவர்களுக்குத் தோன்றாது. எழுதியிருக்கிறபடியே நடந்தது, இவள்தான் கொடுத்திருக்கிறாள் என்பார்கள். அன்றோடு அவளுக்கு அந்த ஊர் மூடிவிடும். அவளை நம்பி விட்ட குற்றத்துக்குக் குப்பம்மாவும் கற்களை விட்டு விலக வேண்டியிருக்கும். நீ எடுத்துக்கொண்டது ஒரு பெயரை மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தால், உன் கணக்கு தப்பு.

நீ போன வாரம் இங்கே கண்ணமங்கலத்துக்கு வந்திருந்தபோது இதையெல்லாம் உன்னிடம் நேரில் கேட்டேன். மனு, பதில் மனு என்று இரண்டு தரப்பையும் எழுதிவைப்பது என் பழக்கம். ஆகவே உன் தரப்பையும் எழுதுகிறேன்.

“அப்பா, ‘நான்’னு எழுதுறது ஒரு நடைப்பா. படிக்கிறவனக் கூடவே கூட்டினு போவணும்னா அப்படித்தான் எழுதணும்.”

“அப்ப ‘தமயந்தி எடுத்தாள்’னு எழுதினா படிக்கிறவன் கூட வர மாட்டானா?”

“பதவி இல்லாதவங்க பேரப் போட்டா துறையில யாரும் சீந்த மாட்டாங்கப்பா. ஸ்கூல் டீச்சர் சொன்னான்னு எழுதினா கண்டுபிடிப்பே செத்துடும். அவளோட கண்டுபிடிப்பக் காப்பாத்தத்தான் எம் பேர்ல போட்டேன்.”

இதைச் சொல்லும்போது உன் குரல் தழுதழுத்தது. நீயே அதை நம்பத் தொடங்கிவிட்டாய் என்பதைக் கண்டு நான் பயந்தேன். திருடியவனைவிட, காப்பாற்றுவதற்காக எடுத்து வைத்தேன் என்று சொல்கிறவனை நான் அதிகம் வெறுத்திருக்கிறேன். முப்பது ஆண்டுக்கு மேல் அவர்களைத்தான் குறுக்கு விசாரணை செய்தேன்.

அடுத்து நீ, “முன்னுரையில நன்றி சொல்லியிருக்கேனே” என்றாய். பார்த்தேன். கடைசிப் பத்தியில், அச்சகத்தாருக்கும் மேல் அட்டை வரைந்தவருக்கும் கீழே, “எழுதும் வேளைகளில் பொறுமையோடு தேநீர் தந்து உதவிய என் துணைவிக்கு” என்று இருக்கிறது. உன் வீட்டில் தேநீர் போடுகிறவன் நீ. தமயந்திக்கு டீ போடத் தெரியாது என்று சொல்லிச் சிரித்து, எங்களுக்கெல்லாம் இஞ்சி தட்டிப் போட்டுக் கொடுத்தவன் நீ. அவள் செய்த வேலையைப் பிடுங்கிக்கொண்டு, அவள் செய்யாத வேலைக்கு நன்றி சொல்லியிருக்கிறாய். நன்றி சொல்லும் இடத்தில்கூட உனக்கு உண்மை வாயில் வரவில்லை.

உன் தாக்குதலின் கடைசி ஆயுதமாக என்னைத் தொட்டாய். “உங்க மனுவெல்லாம் அம்மாதான டைப் அடிச்சாங்க? எந்த மனுவுலப்பா அம்மா பேரு இருக்குது?” இம்மாதிரிக் கடிதம் எழுதும் அப்பாக்கள் இந்த இடத்தில் உருகி, தாம் செய்த தவறுகளை வரிசையாகச் சொல்லி, மகனோடு சமமாக உட்கார்ந்துகொள்வார்கள். அந்த வசதியை உனக்கு நான் தர மாட்டேன். என் குற்றம் உன் குற்றத்துக்கு முன்மாதிரித் தீர்ப்பு ஆகாது. உன் அம்மாவுக்கு என்மேல் வழக்கு இருந்தால் தொடுக்கட்டும், அதற்குக் காலக்கெடு எதுவும் கிடையாது. இதை எழுதிக்கொண்டிருக்கும்போது அவள் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

“இன்னாங்க, பெத்த புள்ளைக்கு சம்மன் எழுதினுகீறீங்களா?”

“கடிதம்.”

“படிச்சா சம்மன் மாதிரிதான் கீது. என் கேஸ நான் அப்பறமா வெச்சுக்கிறேன். மொதல்ல அந்தப் பொண்ணோடத முடிங்க. அப்பறம் இன்னொண்ணு. எம் பேருக்குக் கீழ இன்னா பட்டம் போடுவீங்கன்னு இப்பவே யோசிச்சு வெச்சுக்கோங்க.”

மூன்று ஆண்டுக்கு முன் உன் கல்லூரியில் மகளிர் தினத்துக்கு நீ பேசினாயே, அதற்கு நான் வந்திருந்தேன். முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டினேன். தொல்லியலின் வரலாற்றில் கண்ணில் படாமல் போன பெண்கள் என்பது உன் தலைப்பு. பழைய அகழாய்வுகளின் படங்களைத் திரையில் காட்டினாய். குழிக்குப் பக்கத்தில் அளவுகோல், அளவுகோலுக்குப் பக்கத்தில் தலையில் கூடையோடு ஒரு பெண். “கோலின் நீளம் எழுதியிருக்கிறது. இந்த அம்மாவின் பெயர் எங்கே எழுதியிருக்கிறது?” என்று கேட்டாய். அரங்கம் அதிர்ந்தது. அதன்பின் உன் அலமாரியிலிருந்து பழைய அகழாய்வு அறிக்கைகளை வாங்கி வந்து நான் படித்தேன், வழக்குக் கட்டுப் படிப்பதுபோல. நீ சொன்னது அத்தனையும் சரி. மண்ணைச் சலித்தவள் அவற்றில் கூலியாள். ஓட்டுச் சில்லுகளைக் கழுவி, ஒட்டி, எந்தச் சில் எந்தப் பானைக்கு என்று கண்டவள் உதவியாளர். கோட்டுப்படம் வரைந்தவள், குறிப்புகளை மொழிபெயர்த்தவள், கூடாரத்தில் காய்ச்சலோடு கிடந்த ஆய்வாளருக்குப் பதில் குழியை நடத்தியவள், இவர்கள் எல்லாரும் ‘என் மனைவி.’ குழியில் இறங்கியவளுக்கும் கரையில் நின்றவளுக்கும் ஒரே வரி நன்றி. அந்தப் பெண்கள் வரலாற்றிலிருந்து தாமாக உதிர்ந்துவிடவில்லை என்பதை அப்போதுதான் நான் புரிந்துகொண்டேன். ஒவ்வொரு பெயரையும் ஒரு கை எடுத்து அப்பால் வைத்திருக்கிறது. அந்தக் கை பெரும்பாலும் நல்ல மனிதனுடைய கை. படித்த, பண்பான, மனைவியிடம் குரலை உயர்த்தாத மனிதனுடைய கை. இவ்வளவையும் எனக்குக் கற்பித்தவன் நீ. ஆகவே தெரியாமல் செய்துவிட்டேன் என்ற வாதம் உனக்கு மூடப்பட்டுவிட்டது. பழங்காலத்து ஆய்வாளர்களுக்காவது அந்த வாதம் கொஞ்சம் பாக்கி இருந்தது.

ஆரணி கோர்ட்டில் நடந்த ஒரு பாகப்பிரிவினை வழக்கை நீ பள்ளிப் பையனாக இருந்தபோது சாப்பாட்டு நேரத்தில் சொல்லியிருக்கிறேன். பெரியவர் உயிலில் கையெழுத்துப் போட்டதைக் கண்ணால் பார்த்தேன் என்று ஒரு சாட்சி கூண்டில் ஏறினார். கேட்டதற்குச் சுத்தமாகப் பதில் சொன்னார், என்னால் அசைக்க முடியவில்லை. இறங்கப் போகிற நேரத்தில் தாமாகவே ஒரு விவரம் சேர்த்தார். ஃபேன் காற்றில் காகிதம் பறந்தது, நான்தான் விரலால் அழுத்திப் பிடித்தேன் என்றார். அந்த வீட்டுக்கு அப்போது மின்சாரமே வரவில்லை. அன்று எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தவன் நீ. “ஏம்ப்பா அத சொன்னாரு? கம்முனு எறங்கியிருக்கலாமில்ல?” என்று கேட்டாய். பார்க்காதவனுக்குத்தான் பார்த்ததுபோல் காட்ட வேண்டியிருக்கிறது, அதனால்தான் சொன்னார் என்றேன்.

இப்போது அந்தப் புகைக்கு வருகிறேன். தமயந்தி பள்ளி விடுமுறைக்கு இங்கே வந்திருக்கிறாள் என்பது உனக்குத் தெரியும். நீ அவளுக்குக் காட்டாத படியை நான் காட்டினேன். வழக்கின் கட்டைக் கட்சிக்காரருக்குக் காட்டாமல் வைத்திருப்பது என் தொழிலில் குற்றம். அவள் சமையலறை வாசலில் நின்றபடியே ஐந்தாம் அத்தியாயத்தின் முதல் பக்கத்தைப் படித்தாள். அழுவாள் என்று நினைத்தேன். சிரித்தாள். நல்ல சிரிப்பு இல்லை அது.

“குளிர்ச்சியாமே மாமா.”

“ஏம்மா, கல் குளிராதா?”

“குளிப்பாட்டுற அன்னிக்கு எப்படிக் குளிரும்? பச்சப் புள்ளைங்கள யாராவது பச்சத் தண்ணியில குளிப்பாட்டுவாங்களா? ஊத்துத் தண்ணிய மொண்டு, அடுப்பு மூட்டி, முழங்கைய வுட்டுப் பாத்து, சூடு பதமா இருந்தாத்தான் ஊத்துவாங்க. மடியில வெச்சா வெதுவெதுன்னு இருக்கும். துணியில சுத்தித்தான் மரத்தடிக்கே கொண்டாருவோம். குப்பம்மா ஒவ்வொரு வருசமும் என்னைய அதட்டும், சூடு போவறதுக்குள்ள தொடை, சளி புடிச்சுக்கும்னு.”

“அப்போ அந்தப் புகை?”

“வெந்நீர் அடுப்பு. பொங்கலெல்லாம் அதுக்கப்பறம்.”

“இதை நீ அவனிடம் சொல்லவே இல்லையா?”

“சொல்லக் கூடாத சேதி ஒண்ணும் இல்ல மாமா. எத்தன வருசமா போறேன். எவ்ளோ நீளம், எவ்ளோ அகலம், எந்தப் பக்கம் தேஞ்சிருக்குன்னு கேட்டாரு. கையில எப்படி இருந்துச்சுன்னு யாரும் கேக்கல.”

நானும் கேட்கவில்லை. பாறைக்கு இந்தப்புறம் நாம் இருவரும் அருகருகே உட்கார்ந்து அதே புகையைப் பார்த்தோம்.

ஆக, ஒரே ஒரு சொல். குளிர்ச்சி. அந்த ஊரில் எந்தப் பெண் கேட்டாலும் அடுத்த நொடியே தெரிந்துவிடும், இவன் கல்லைத் தொட்டவன் இல்லை என்று. அந்தச் சொல் உன்னைப் பொய்யனாக்கி, உன் மனைவியை விடுவிக்கிறது. நீ பார்த்ததுபோல் காட்டச் சேர்த்த அலங்காரம் அவளுக்குச் சாட்சியாக வந்து நிற்கிறது. ஊர் அவளைத் துரோகி என்றுவிடும் என்று நான் முன்னே சொன்ன பயத்துக்கு இருக்கும் ஒரே மருந்தும் அதுதான். உன் படியிலேயே இருந்த மருந்து.

இதை உனக்கு எழுதலாமா என்று நான் இரண்டு நாள் யோசித்தேன். காரணம் உனக்கு இதற்குள் விளங்கியிருக்கும். உண்மையைத் தெரிவித்ததன் மூலம் உன் கையில் ஒரு கத்தியையும் கொடுத்துவிட்டேன். ‘குளிர்ச்சி’யை அடித்துவிட்டு ‘வெதுவெதுப்பு’ என்று எழுத உனக்கு ஒரு நிமிடம் போதும். அச்சுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. அப்படி எழுதினால் உன் பொய்க்கு எந்த ஓட்டையும் இருக்காது. வெந்நீர் விவரம் தெரிந்தவன், தொட்டவனாகத்தான் இருக்க வேண்டும் என்று ஆகிவிடும். தமயந்தி உன்னிடம் கல்லைக் கொடுத்தாள் என்பது அத்துடன் நிரூபணமாகிவிடும். அவளைக் காப்பாற்றும் ஒரே சொல்லை எடுத்து அவளுக்கு எதிராகவே நீ திருப்பிவிடலாம். எச்சரிக்கையான எந்த வக்கீலும் இந்த விவரத்தை எதிர்க்கட்சிக்கு முன்கூட்டிச் சொல்ல மாட்டான். நான் சொல்லக் கூடாது என்றுதான் இருந்தேன். “உனக்காக நான் வாதாடுகிறேன்” என்று தமயந்தியிடம் சொன்னேன். “நீங்க எனக்கு வக்காலத்து போட வேணாம் மாமா. நான் கையெழுத்தே போடலியே” என்றாள். பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு, “ஆனா அவருக்கு எழுதுங்க. வெந்நீரு சேதியையும் சேத்து எழுதுங்க. அவரு எதத் திருத்துறாருன்னு பாக்கணும் எனக்கு” என்றாள்.

அவள் சொன்னபடி எழுதியிருக்கிறேன். நீ முதலில் அனுப்பிய படி, பக்கத்துக்குப் பக்கம் உன் கையெழுத்தோடு, என் மேசையில் இருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். இதை மிரட்டலாக எடுத்துக்கொண்டாலும் எனக்குச் சம்மதம்.

நான் கேட்பது இரக்கமும் அன்று, பெருந்தன்மையும் அன்று. அட்டையில் அவள் பெயர் முதலில் வரட்டும். உன் பெயர் வேண்டுமானால் இரண்டாவதாக வரட்டும், மீதி அத்தியாயங்களில் நீ உழைத்திருக்கிறாய், அதை நான் மறுக்கவில்லை. ஐந்தாம் அத்தியாயத்தை அவளே எழுதட்டும், அவள் கை, அவள் விரல், அவள் ‘நான்.’ அந்த நாளில் நீ எங்கே இருந்தாய் என்று எழுத ஆசைப்பட்டால், பாறைக்கு இந்தப்புறம் உன் அப்பாவோடு உட்கார்ந்திருந்தாய் என்று எழுது. அதற்கு நான் சாட்சி சொல்வேன். பதவி இல்லாதவளின் பெயரைத் துறை சீந்தாது என்றால், சீந்தாத துறையோடு சண்டை போடு. அதற்குத்தானே உனக்குப் பதவி? தேநீர் வரியை எடுத்துவிடு. அதற்கு மாற்றாக எதையும் எழுத வேண்டாம்.

தமயந்தி எப்போது திருப்பத்தூருக்கு, உன் வீட்டுக்குத் திரும்புவாள் என்று நீ உன் அம்மாவிடம் போனில் கேட்டதாக அறிந்தேன். நான் அவளைக் கேட்கவில்லை. அவளும் பெட்டியைக் கட்டவில்லை.

நேற்று குப்பம்மா அவளோடு பேசினார். போனைச் சத்தமாக வைத்திருந்ததால் கூடம் முழுக்கக் கேட்டது. “எனக்கு இன்னாமோ பொன்னாட போத்துறாங்களாமே, ஒம் வூட்டுக்காரரு சொல்லி அனுப்பினாரு. போத்தட்டும், குளுரு காலந்தான். ஆனா மொதல்ல எங்க புள்ளைங்களப் பத்தி இன்னா எழுதிகீதுன்னு படிச்சுக் காட்டச் சொல்லு. கேட்டுட்டுத்தான் போத்திக்கறதா வாணாமான்னு சொல்லுவேன்.” தமயந்தி, “மாமாதாம்மா படிக்கப் போறாரு” என்றாள். “அந்த ஒழுங்கா குந்தினுருந்த மனுசனா? அப்ப சரி” என்றார் குப்பம்மா.

ஆகவே உன் இரண்டாவது கேள்விக்குப் பதில்: வருகிறேன். ஜீப் அனுப்பாதே. உன் அம்மாவும் நானும் தமயந்தியும் திருப்பத்தூரிலிருந்து பேருந்தில் மலையேறி வந்துவிடுவோம். தமயந்தியும் உன் அம்மாவும் குப்பம்மாவுக்குப் பக்கத்தில் உட்காருவார்கள். நான் மேடைக்கு வந்து உன்னிடம் கையை நீட்டுவேன். நீ கொடுக்கிற பக்கத்தை, ஒரு எழுத்தும் மாற்றாமல், கடைசி வரிசைக்கும் கேட்கும்படி வாசிப்பேன். ‘குளிர்ச்சி’ இருந்தால் குளிர்ச்சி என்று வாசிப்பேன், அந்தப் பெண்கள் சிரிப்பதை உன் பக்கத்தில் நின்று கேட்பேன். ‘வெதுவெதுப்பு’ இருந்தால், அதையும் வாசித்து முடித்துவிட்டு, என் சட்டைப் பையிலிருந்து பழைய பக்கத்தை எடுத்து அதையும் வாசிப்பேன். மூன்றாவதாக ஒரு பக்கமும் இருக்க முடியும். அதை எழுதக்கூடியவள் இந்த நிமிடம் கூடத்தில் உட்கார்ந்து உன் குழந்தைக்குத் தலை துவட்டிக்கொண்டிருக்கிறாள். அவளை நீ இன்னும் கேட்கவில்லை.

நிறுத்தி வைத்த சொல்லோடு,
உன் அப்பா